முதல் அடி எப்போது விழுந்தது? கட்டி அடக்கும் மரபணுக்களை நோக்கி வழிகாட்டிய ஒரு கணக்கு

மரபணுப் பரிசோதனை சாதாரணமாகிவிட்ட இந்தக் காலத்தில் "அவங்க குடும்பத்துல கேன்சர் ஜீன் இருக்கு" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. 2013இல் நடிகை ஏஞ்சலினா ஜோலி, தமக்குப் பிஆர்சிஏ1 மரபணுவில் கோளாறு இருப்பதை வெளிப்படையாக எழுதினார். புற்றுநோய் வருமுன்பே மார்பகங்களை அகற்றிக்கொண்டதையும் சொன்னார். அதற்குப் பிறகு இந்தப் பேச்சு இன்னும் பெருகியது.

ஆனால் பிஆர்சிஏ1 நம் எல்லோரிடமும் உண்டு. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. டிஎன்ஏவில் விழும் முறிவுகளைச் சரிசெய்து, செல் புற்றாக மாறாமல் காப்பதே அதன் வேலை. ஜோலியிடம் இருந்தது அந்த மரபணுவின் பழுதான ஒரு நகல். இன்னொரு நகல் நன்றாகவே இருந்தது. இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒரு நகல் பழுதானாலே புற்றுநோய் வரும் என்றால், உடலின் எல்லாச் செல்களும் ஏன் பிறந்தவுடனே புற்றாகவில்லை? பரம்பரையில் யாருக்குமே இல்லாதவர்களுக்கு அதே புற்றுநோய் எப்படி வருகிறது?

இரண்டுக்கும் விடை ஒன்றுதான். அந்த விடை 1971 ஏப்ரலில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில், நான்கே பக்கக் கட்டுரையாக வந்தது. எழுதியவர் ஆல்ஃபிரட் நுட்சன் என்ற குழந்தை மருத்துவர். அவர் எந்த மரபணுவையும் பிரித்தெடுக்கவில்லை, சோதனைக்குழாயைத் தொடவில்லை. 48 குழந்தைகளின் மருத்துவக் கோப்புகளையும், மற்றவர்கள் ஏற்கெனவே வெளியிட்டிருந்த குறிப்புகளையும் வைத்துக் கணக்குப் போட்டார். கட்டி அடக்கும் மரபணுக்கள் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தக் கணக்கிலிருந்து கிளைத்தது.

## இரண்டு நகல்கள், இரண்டு வகை மரபணுக்கள்

நம் செல்களில் 23 ஜோடிக் குரோமோசோம்கள் இருக்கின்றன. ஜோடியில் ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. ஆகவே ஏறத்தாழ 20,000 மரபணுக்களில் பெரும்பாலானவை நம்மிடம் இரண்டிரண்டு நகல்களாக உள்ளன. ஒவ்வொரு மரபணுவும் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. செல் பிரியும்போது குறிப்பு முழுவதும் படியெடுக்கப்படுகிறது. அப்போது விழுந்து, திருத்தப்படாமல் நிலைத்துவிடும் பிழையே பிறழ்வு.

பிறழ்வு எங்கே விழுகிறது என்பது மிக முக்கியம். கருமுட்டையிலோ விந்தணுவிலோ இருந்தால், பிறக்கும் குழந்தையின் ஒவ்வொரு செல்லிலும் அது இருக்கும். இதைப் பிறவிப் பிறழ்வு என்போம். பிறந்து வளர்ந்த உடலின் ஏதோ ஒரு செல்லில் விழுந்தால், அந்தச் செல்லிலும் அதன் வழிவந்த செல்களிலும் மட்டும் இருக்கும். இது உடல்செல் பிறழ்வு. பிள்ளைகளுக்குப் போவது முதல் வகை மட்டுமே.

புற்றுநோயில் பங்குள்ள மரபணுக்களைப் பெரும்பாலும் இரண்டாகப் பிரிக்கலாம்.

1. புற்றுத் தூண்டி மரபணுக்கள். இயல்பான நிலையில் இவை செல்லை அளவோடு வளரச் சொல்பவை. பிறழ்வு ஏற்பட்டால் ஓயாமல் வளரச் சொல்லும். இரண்டு நகல்களில் ஒன்று கெட்டாலே போதும். மனிதப் புற்றுக்கட்டியில் இப்படி ஒரு பிறழ்வு முதன்முதலில் துல்லியமாகக் கண்டறியப்பட்டது 1982இல், ராஸ் என்னும் மரபணுவில்.

2. கட்டி அடக்கும் மரபணுக்கள். செல் பிரிவதை நிறுத்துவது, பழுதான டிஎன்ஏவைச் சரிசெய்வது, சரிசெய்ய முடியாத செல்லைச் சாகடிப்பது ஆகியவை இவற்றின் வேலை. ஒரு நகல் போனாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் போனால்தான் ஆபத்து.

இந்த இரண்டாம் வகை இருக்கிறது என்பதையே நம்பவைக்க அறிவியலுக்கு நெடுங்காலம் பிடித்தது. 1914இலேயே ஜெர்மனியின் தியோடர் போவெரி, செல் பிரிவதைத் தடுக்கும் ஏதோ ஒன்று குரோமோசோமில் இருக்கலாம், அதை இழந்த செல் கட்டியாகலாம் என்று ஊகித்திருந்தார். 1969இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஹென்றி ஹாரிஸ் குழு புற்றுச் செல்லையும் சாதாரணச் செல்லையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தது. இணைந்த செல் பெரும்பாலும் கட்டியை உண்டாக்கவில்லை. சாதாரணச் செல்லிடமிருந்த ஏதோ ஒன்று புற்றை அடக்கிவிட்டது. ஆனால் அந்தக் காலத்து ஆய்வுலகின் கண்ணெல்லாம் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்கள் மீதே இருந்தது. இழப்பதால் வரும் நோயைத் தேடுவது, இல்லாத ஒன்றைத் தேடுவது. அதற்கு ஆட்கள் குறைவு.

## 48 குழந்தைகளின் கோப்புகள்

நுட்சன் தேர்ந்தெடுத்த நோய் ரெட்டினோபிளாஸ்டோமா, அதாவது குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோய். 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தையைப் பாதிப்பது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தெரிந்துவிடும். கண்மணியில் வெள்ளை ஒளி தெரிவதே முக்கிய அறிகுறி. ஃபிளாஷ் போட்டு எடுத்த புகைப்படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிவதைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் பெற்றோர் உண்டு. இந்த ஒரு குறிப்புக்காகவாவது, சிறு குழந்தை உள்ள வீட்டார் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: அப்படி ஒரு வெண்மை தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்த நோயைத் தேர்ந்தெடுத்ததே நுட்சனின் பாதி வெற்றி என்பேன். பெரியவர்களின் புற்றுநோய்க்குப் பின்னால் புகை, உணவு, தொழில், வயது என்று பல பத்தாண்டுகளின் சுமை இருக்கும். எது எதனால் என்று பிரிக்க முடியாது. இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்தச் சுமை இல்லை. தவிர, கட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். இரண்டு கண்கள் இருப்பதால் ஒரே குழந்தையில் இரண்டு தனித்தனி வாய்ப்புகளைப் பார்க்கலாம்.

ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் 1944 முதல் 1969 வரை பதிவான 48 குழந்தைகளின் விவரங்கள் அவர் கையில் இருந்தன. அவருக்குத் தேவைப்பட்டவை சாதாரணமான தகவல்களே: ஒரு கண்ணா, இரண்டு கண்களா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, எத்தனை மாத வயதில் கண்டுபிடிக்கப்பட்டது.

அவருடைய தர்க்கம் இப்படிப் போகிறது.

1. இந்த நோய் சில குடும்பங்களில் பெற்றோரிடமிருந்து ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகளுக்குப் போகிறது. அந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு கண்களிலும், ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் வருகின்றன. மற்றக் குழந்தைகளுக்குக் குடும்ப வரலாறே இல்லை. ஒரு கண்ணில், ஒரே கட்டி.

2. பரம்பரையாக வந்த பிறழ்வு மட்டுமே போதும் என்றால், அந்தக் குழந்தையின் விழித்திரையிலுள்ள பல லட்சம் செல்களும் கட்டியாகியிருக்க வேண்டும். எல்லாவற்றிலும் அந்தப் பிறழ்வு இருக்கிறதே. ஆனால் வருவது விரல்விட்டு எண்ணக்கூடிய கட்டிகள். ஆகவே பரம்பரைப் பிறழ்வுக்கு மேல் இன்னொன்று நடக்க வேண்டியிருக்கிறது.

3. அந்த இன்னொன்று ஒரே ஒரு நிகழ்வா, பலவா? இதற்கு நுட்சன் வயதைப் பார்த்தார். எந்த நேரமும் சமவாய்ப்போடு நடக்கக்கூடிய ஒரே ஒரு தற்செயல் நிகழ்வுதான் காரணம் என்றால், "இன்னும் நோய் கண்டறியப்படாதவர்களின் பங்கு" கதிரியக்கச் சிதைவைப் போலக் குறைந்துகொண்டே போகும். மடக்கை அளவில் வரைந்தால் அது நேர்கோடாக வரும். இரண்டு நிகழ்வுகள் தேவை என்றால், தொடக்கத்தில் மெதுவாகவும் பின்னர் வேகமாகவும் இறங்கும் வளைகோடு வரும்.

4. இரு கண்களிலும் நோய் வந்த குழந்தைகளின் கோடு நேராக வந்தது. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களின் கோடு வளைந்தது.

5. ஆகவே இரண்டு குழுவுக்கும் நோய் ஒன்றே. இரண்டு அடிகள் விழுந்தால் கட்டி. பரம்பரைக் குழந்தை முதல் அடியோடு பிறக்கிறது. அதற்கு இன்னும் ஒன்றே மிச்சம். மற்றக் குழந்தைக்கு இரண்டு அடிகளும் பிறகு, ஒரே செல்லில், ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும்.

பரம்பரைக் குழந்தைகளுக்குச் சராசரியாக ஒரு வயதிலும், மற்றவர்களுக்கு இரண்டு வயதிலும் நோய் தெரியவருவது ஏன் என்பதும் இதில் விளங்கிவிடுகிறது.

## மூன்று என்ற எண் சொல்வது

கட்டுரையில் என்னை மிகவும் ஈர்ப்பது இதற்கு அடுத்த படி. பரம்பரைப் பிறழ்வு உள்ள குழந்தைக்குச் சராசரியாக மூன்று கட்டிகள் வருகின்றன என்று நுட்சன் கணித்தார். சராசரி மூன்று என்றால் எல்லோருக்கும் மூன்று என்றாகாது. தற்செயலாக நடக்கும் அரிய நிகழ்வுகள் எப்படிப் பரவிக் கிடக்கும் என்பதற்குப் பாய்சான் பரவல் என்ற கணிதச் சூத்திரம் உண்டு. சராசரி மூன்று, அதாவது கண்ணுக்கு ஒன்றரை, என்று அதில் இட்டால் கிடைப்பது:

- ஒரு கட்டியும் வராமல் தப்பிப்பவர்கள் சுமார் 5 சதவீதம்
- ஒரு கண்ணில் மட்டும் வருபவர்கள் சுமார் 35 சதவீதம்
- இரண்டு கண்களிலும் வருபவர்கள் சுமார் 60 சதவீதம்

குடும்பங்களில் உண்மையாகவே காணப்பட்டவையும் இவற்றை ஒட்டியே இருந்தன. தாத்தாவுக்கு நோய், பேத்திக்கு நோய், நடுவிலிருந்த தந்தைக்கு மட்டும் ஒன்றுமில்லை என்பது அதுவரை மருத்துவர்களைக் குழப்பிய புதிர். நோய் "ஒரு தலைமுறை விட்டு" வருகிறது என்று இன்றும் சொல்கிறோமே, அது இங்கே எண்ணாக வந்து நிற்கிறது. அந்தத் தந்தையிடம் பிறழ்வு இருந்தது. இரண்டாம் அடி அவருடைய விழித்திரையில் எந்தச் செல்லிலும் விழவில்லை, அவ்வளவுதான். அவரைக் காத்தது தற்செயல்; அவருடைய பிள்ளைக்கு அந்தக் காப்பு போகாது.

எண்களின் அளவையும் மனதில் கொள்ள வேண்டும். குறிப்பிட்ட ஒரு மரபணு ஒரு செல்லில் பழுதாகும் வாய்ப்பு தோராயமாகப் பத்து லட்சத்தில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவு. விழித்திரை உருவாகும்போது பிரியும் செல்களோ பல லட்சம். முதல் அடி ஏற்கெனவே எல்லாச் செல்களிலும் இருந்தால், இரண்டாவது எங்காவது ஓரிரண்டு செல்களில் விழுந்தே தீரும். முதல் அடி இல்லாவிட்டால், அரியது ஒன்று நடந்த அதே செல்லில், அல்லது அதன் வழிவந்த சில செல்களில், இன்னோர் அரியது நடக்க வேண்டும். அதனால்தான் அது பல்லாயிரத்தில் ஒரு குழந்தைக்கு, ஒரே ஒரு கட்டியாக வருகிறது.

## கணக்கிலிருந்து மரபணுவுக்கு

இரண்டு அடிகளும் ஒரே மரபணுவின் இரண்டு நகல்களின் மேல் விழுபவை என்பதை 1971 கட்டுரை தெளிவாகச் சொல்லவில்லை. அதை 1973இல் விளக்கமாக எழுதியவர் டேவிட் கமிங்ஸ். இந்தப் பெருமையையும் நுட்சனுக்கே சேர்த்துவிடும் பழக்கம் உண்டு. பகிர்ந்து கொடுப்பதே நியாயம்.

மரபணு இருக்கும் இடத்துக்குத் தடயம் வேறு திசையிலிருந்து வந்தது. ரெட்டினோபிளாஸ்டோமா வந்த சில குழந்தைகளுக்கு 13ஆம் குரோமோசோமில் ஒரு துண்டே காணாமல் போயிருந்தது. 1983இல் வெப்ஸ்டர் கேவனி, ரே ஒயிட், தடேயஸ் டிரைஜா உள்ளிட்டோர் அடங்கிய குழு, நோயாளியின் இரத்தத்தையும் கட்டியையும் ஒப்பிட்டது. இரத்தச் செல்களில் தாய்வழி, தந்தைவழி என 13ஆம் குரோமோசோமின் இரண்டு வகைக் குறிகளும் இருந்தன. கட்டியிலோ ஒரு வகைதான் இருந்தது. நல்ல நகலைக் கட்டி தொலைத்திருக்கிறது. பரம்பரை நோயாளிகளில் எஞ்சியிருந்தது நோயுற்ற பெற்றோர் தந்த குரோமோசோமே என்பதும் 1985இல் தெரிந்தது. நுட்சன் காகிதத்தில் கண்ட இரண்டாம் அடி இப்போது ஆய்வகத்தில் கண்ணுக்குத் தெரிந்தது.

மரபணு கையில் கிடைத்தது 1986இல். பாஸ்டனில் கண் மருத்துவரான டிரைஜா, சில கட்டிகளில் முழுமையாகக் காணாமல் போன ஒரு டிஎன்ஏ துண்டைப் பிடித்து வைத்திருந்தார். ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகத்தில் இருந்த ஸ்டீபன் ஃபிரெண்ட் அதைத் தொடர்ந்து போய் மரபணுவைப் பிரித்தெடுத்தார். 1987இல் சான் டியாகோவில் வென்-ஹ்வா லீ குழுவும் அதைத் தனியே உறுதிசெய்தது. ஆர்பி1 என்று பெயரிடப்பட்ட அதுவே பிரித்தெடுக்கப்பட்ட முதல் கட்டி அடக்கும் மரபணு. கணக்குக்கும் மரபணுவுக்கும் இடையே 15 ஆண்டுகள்.

நுட்சனுக்கு 1998இல் லாஸ்கர் விருதும் 2004இல் கியோட்டோ பரிசும் கிடைத்தன. நோபல் கிடைக்கவில்லை. 2016இல் தம் 93ஆம் வயதில் மறைந்தார்.

## சொந்தத்தில் திருமணம் செய்ததாலா?

நம் ஊர்களில் ஒரு குழந்தைக்கு இப்படி நோய் வந்தால் உடனே எழும் கேள்வி இது. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் மணம் முடிப்பது வழக்கமான இடத்தில் கேள்வி இயல்பானதே. பழி பெரும்பாலும் தாயின் மேல் வந்து விழுகிறது என்பதால் விடையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

உறவுத் திருமணத்தால் வாய்ப்புக் கூடுவது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான நகல் வந்தால் மட்டுமே தோன்றும் நோய்களுக்கு. ரெட்டினோபிளாஸ்டோமா அந்த வகையன்று. ஒரு பெற்றோரிடமிருந்து ஒரு பழுதான நகல் வந்தாலே போதும். மற்ற நகலைக் குழந்தையின் விழித்திரைச் செல் தானே தொலைக்கிறது. செல்லுக்குள் பார்த்தால் இரண்டு நகலும் போக வேண்டும். குடும்பத்தில் பார்த்தால் ஒன்று போதும். பாடநூல்கள் பல இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புகின்றன.

அதைவிட முக்கியமானது: பிறவிப் பிறழ்வோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது பெற்றோரிடம் இருந்ததே இல்லை. ஒரு விந்தணுவில் அல்லது கருமுட்டையில் புதிதாக விழுந்த பிழை அது. பெற்றோர் செய்தது எதுவும் காரணமில்லை.

விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். பிஆர்சிஏ1 போலவே டிஎன்ஏ முறிவுகளைச் சரிசெய்ய உதவும் பிஆர்சிஏ2 மரபணுவின் இரண்டு நகல்களும் பிறவியிலேயே பழுதாக இருந்தால் ஃபான்கோனி இரத்தசோகை என்ற கடுமையான குழந்தைப்பருவ நோய் வரும். அங்கே உறவுத் திருமணத்துக்குப் பங்கு உண்டு.

## ஆர்பி என்ன செய்கிறது, வைரஸ் அதை ஏன் தேடிப் போகிறது

செல் பிரிய முடிவெடுக்கும் கட்டத்தில், ஆர்பி1 மரபணுவின் குறிப்பிலிருந்து உருவாகும் ஆர்பி புரதம் நிற்கிறது. டிஎன்ஏவைப் படியெடுக்கத் தேவையான மரபணுக்களை இயக்கும் இ2எஃப் என்ற புரதத்தை அது பிடித்துவைத்திருக்கும். வளரச் சொல்லும் செய்தி வெளியிலிருந்து வந்தால், சிடிகே4, சிடிகே6 என்ற நொதிகள் ஆர்பியில் பாஸ்பேட்டுகளை ஒட்டும். ஆர்பியின் பிடி தளரும், இ2எஃப் விடுபடும், செல் பிரியும். ஆர்பியே இல்லாத செல்லுக்கு வெளியிலிருந்து அனுமதி தேவையில்லை.

இது கண்ணோடு முடியும் விஷயமன்று. சிறுசெல் நுரையீரல் புற்றுநோயில் ஆர்பி1 ஏறத்தாழ எப்போதும் பழுதாகியிருக்கிறது. எலும்புப் புற்றிலும் அடிக்கடி.

1989இல் இன்னொன்று தெரிந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி வைரஸின் இ7 என்ற புரதம் நேராகப் போய் ஆர்பியைப் பற்றிக்கொள்கிறது. அடுத்த ஆண்டு, அதே வைரஸின் இ6 புரதம் பி53 என்னும் இன்னொரு கட்டி அடக்கும் புரதத்தை அழிப்பது தெரிந்தது. மரபணுக்கள் நன்றாக இருந்தும் அவற்றின் புரதங்கள் வேலை செய்யாத நிலை: நான்கு பிறழ்வுகள் செய்திருக்க வேண்டியதை இரண்டு வைரஸ் புரதங்கள் செய்துவிடுகின்றன. ஹெச்பிவி தடுப்பூசி ஏன் ஒரு புற்றுநோய்த் தடுப்பூசியே என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

## பி53: பத்தாண்டு தவறாகப் படிக்கப்பட்ட புரதம்

பி53 கண்டறியப்பட்டது 1979இல். முதல் பத்தாண்டுகள் அதைப் புற்றுத் தூண்டி என்றே நினைத்தார்கள். ஆய்வகங்களில் புழங்கிய நகல்களில் பல ஏற்கெனவே பிறழ்ந்தவை என்பது பின்னரே தெரிந்தது. 1989இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பெர்ட் வோகல்ஸ்டைன் குழு குடல் புற்றுக்கட்டிகளைப் பார்த்தபோது, பி53இன் ஒரு நகல் தொலைந்தும் மற்றது பிறழ்ந்தும் இருந்தன. நுட்சன் சொன்ன அதே இரண்டு அடிகள். 1990இல், இளவயதிலேயே பலவகைப் புற்றுநோய்கள் வரும் லி-ஃபிரவ்மெனி குடும்பங்களில் பிறவியிலேயே இந்த மரபணு பழுதாகியிருப்பது கண்டறியப்பட்டது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் பி53 பழுதாகியிருக்கிறது. வேறெந்த மரபணுவும் இவ்வளவு அடிக்கடி பழுதாவதில்லை.

யானைக்குப் பி53இன் நகல்கள் சுமார் 40 உண்டு, நமக்கு இரண்டு. அவ்வளவு பெரிய உடல், அவ்வளவு செல்கள் இருந்தும் யானைக்குப் புற்றுநோய் அரிது என்பதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

## கணக்கு பொருந்தாத இடங்கள்

இரண்டு அடி என்பது ஒரு சட்டம் அன்று, கருதுகோள். அது தவறிய இடங்களும் கற்றுத்தருகின்றன.

நுட்சனே 1972இல் நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப்பருவ நரம்புத்திசுப் புற்றுக்கும் இதே கணக்கைப் பொருத்திப் பார்த்தார். 2008இல் பரம்பரை நியூரோபிளாஸ்டோமாவின் முக்கிய மரபணு ஏஎல்கே என்று தெரிந்தது. அது அடக்கும் மரபணு அன்று, தூண்டும் மரபணு. கோட்டின் வடிவம் எத்தனை நிகழ்வுகள் என்று சொல்லலாம். என்ன நிகழ்வு என்று சொல்லாது.

பி53இல் ஒரு நகல் கெட்டாலே பாதி ஆபத்து தொடங்கிவிடும். அந்தப் புரதம் நான்கு நான்காகச் சேர்ந்து வேலை செய்வது. கெட்ட ஒன்று உள்ளே புகுந்தால் மற்ற மூன்றையும் செயலிழக்கச் செய்யக்கூடும். பிடென் போன்ற மரபணுக்களில் புரதத்தின் அளவு சற்றுக் குறைந்தாலே விளைவு தெரிகிறது. சில கட்டிகளில் இரண்டாம் அடி பிறழ்வாகவே வருவதில்லை. டிஎன்ஏவின் எழுத்துகள் மாறாமல், மெத்தில் என்னும் வேதிக் குறிகள் ஒட்டப்பட்டு மரபணு வாயடைக்கப்படுகிறது. ரெட்டினோபிளாஸ்டோமாவிலேயே மிகச் சிறு பங்குக் கட்டிகளில் ஆர்பி1 நன்றாக இருக்க, மைசிஎன் என்ற தூண்டி மரபணு பெருகியிருப்பது 2013இல் தெரியவந்தது.

பெரியவர்களின் புற்றுநோய்க்கு இரண்டு அடிகள் பொதுவாகப் போதா. குடலில் ஏபிசி மரபணுவின் இரண்டு நகல்களும் போனால் சிறு கட்டி தோன்றும். அது புற்றாக வளர ராஸ், பி53 என்று இன்னும் பல மாற்றங்கள் சேர வேண்டும். ஆண்டுகள் பிடிக்கும். கொலனோஸ்கோப்பி செய்து சிறு கட்டிகளை அகற்றினால் புற்றுநோயைத் தவிர்க்க முடிவது இந்த இடைவெளியால்தான்.

## பரிசோதனை முடிவைப் படிப்பது எப்படி

1. "பாசிட்டிவ்" என்றால் புற்றுநோய் வந்துவிட்டது என்றாகாது. முதல் அடியோடு பிறந்திருக்கிறோம் என்று பொருள். இரண்டாம் அடியின் வாய்ப்பு மரபணுவுக்கு மரபணு மாறும். ஆர்பி1இல் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நோய் வருகிறது. பிஆர்சிஏ1 பழுதான பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவது ஏறத்தாழ 72 சதவீதம், சூலகப் புற்றுநோய் 44 சதவீதம். பிஆர்சிஏ2இல் 69, 17 என்று 2017இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று கணித்தது.

2. "நெகட்டிவ்" என்றால் புற்றுநோய் வராது என்றாகாது. இரண்டு அடிகளும் வாழ்நாளில் விழலாம். மார்பகப் புற்றுநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பிறவிப் பிறழ்வு இல்லாதவர்களே. தேடிய மரபணுக்களில் மட்டும் பிழை இல்லை என்பதே அந்த முடிவின் எல்லை.

3. ஒரு கண்ணில் மட்டும் ரெட்டினோபிளாஸ்டோமா வந்தாலும் பரிசோதனை தேவை. அத்தகைய குழந்தைகளில் சுமார் 15 சதவீதம் பேரிடம் பிறவிப் பிறழ்வு இருக்கிறது. இருந்தால், மற்றக் கண்ணையும் உடன்பிறந்தவர்களின் கண்களையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். இல்லை என்று உறுதியானால், மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பல பரிசோதனைகளிலிருந்து குழந்தையை விடுவிக்கலாம்.

4. பிறவிப் பிறழ்வு உள்ள குழந்தையின் எலும்பிலும் தசையிலும்கூட முதல் அடி இருக்கிறது. கதிர்வீச்சு டிஎன்ஏவை உடைப்பது. இரண்டாம் அடிக்கு வழி திறப்பது. அந்தக் காலத்தில் கண்ணைக் காப்பாற்ற வெளிக் கதிர்வீச்சு பெற்ற குழந்தைகள் பலருக்குப் பின்னாளில் அதே இடத்தில் எலும்புப் புற்று வந்தது. இன்று இயன்றவரை கீமோதெரபி, லேசர், உறைய வைத்தல் ஆகியவற்றால் சிகிச்சை செய்கிறார்கள்.

5. அறிக்கையில் "பொருள் தெளிவாகாத மாற்றம்" என்று இருந்தால் அதை வைத்து உறுப்பை அகற்றும் முடிவை எடுக்கக் கூடாது. மரபியல் ஆலோசகரிடம் கேட்டு, பின்னாளில் அதன் வகைப்பாடு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

## இல்லாததற்கு மருந்து

தூண்டி மரபணு அத்துமீறினால் அதன் புரதத்தைத் தடுக்கும் மருந்து செய்யலாம். அடக்கும் மரபணுவில் தடுக்க ஒன்றுமில்லை, புரதமே இல்லை. கட்டியின் கோடிக்கணக்கான செல்களில் ஒன்றுவிடாமல் நல்ல நகலைக் கொண்டுசேர்க்கும் வழியும் இன்னும் இல்லை. அதனால் சிகிச்சை சுற்றுவழியில் வந்தது.

2005இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் நேச்சர் இதழில் ஒரு முடிவை வெளியிட்டன. பிஆர்சிஏ1 அல்லது பிஆர்சிஏ2 மரபணுவின் இரண்டு நகல்களையும் இழந்த செல், டிஎன்ஏ முறிவுகளைத் துல்லியமாகச் சரிசெய்யும் வழியை இழந்தது. பார்ப் என்ற நொதியின் உதவியை அது பெரிதும் நம்பியிருக்கிறது. பார்ப்பைத் தடுத்தால் அந்தச் செல் சாகும். நோயாளியின் மற்றச் செல்களில் ஒரு நல்ல நகல் மிச்சமிருப்பதால் அவை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கட்டியைக் கட்டியாக்கிய அந்த இரண்டாம் அடியே அதைக் காட்டிக்கொடுக்கிறது. இந்த வகையில் ஓலாபாரிப் என்ற மருந்துக்கு 2014 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. சூலகப் புற்றில் தொடங்கி மார்பகம், கணையம், புரோஸ்டேட் என்று அதன் பயன்பாடு விரிந்திருக்கிறது.

ஆர்பி வழியிலும் மருந்து உண்டு. சிடிகே4, சிடிகே6 நொதிகளைத் தடுக்கும் பால்போசிக்ளிப் 2015இல் மார்பகப் புற்றுநோய்க்கு வந்தது. அது வேலை செய்யக் கட்டியில் ஆர்பி இருக்க வேண்டும். ஆர்பியை இழந்த செல்லுக்கு அந்த நொதிகளே தேவையில்லை. சிகிச்சையின் நடுவில் சில கட்டிகள் ஆர்பி1ஐ இழந்து மருந்திலிருந்து தப்புகின்றன.

பார்ப் மருந்திலிருந்து தப்பும் கட்டிகள் அதற்கு நேர் எதிரான வழியில் போகின்றன. கெட்ட பிஆர்சிஏ நகலில் இன்னொரு பிறழ்வு விழுந்து, குறிப்பு மறுபடியும் படிக்கத்தக்கதாகி, மரபணு உயிர்பெற்றுவிடுகிறது. நோயாளியின் இரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏவில் இந்த மீள்பிறழ்வை இப்போது கண்டறிய முடிகிறது. அது தென்பட்டால் அந்த மருந்து இனி உதவாது என்பதற்கு அடையாளம். மருத்துவர் வேறு சிகிச்சையைத் தேட வேண்டும்.